ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு!

கண்ணாடிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டியபடி ஒரு அம்மா கேட்பார்: “தம்பி, வலது கண்ணுக்கு மைனஸ் ஒண்ணேகால்னு போட்டிருக்கு. இடது கண்ணுக்கு மைனஸ் நாலரைன்னு இருக்கு. ரெண்டும் ஒரே பொண்ணோட கண்ணுதானே... தப்பா எழுதிட்டாங்களா, கொஞ்சம் பாருப்பா!”

தப்பாக எழுதவில்லை. ஒரே ஆளின் இரண்டு கண்களுக்கும் ஒரே பவர்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. கால், அரை வித்தியாசம் பலருக்கும் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் ஒரு பவரைத் தாண்டும்போதுதான் (மருத்துவர்கள் இதை 1 டயாப்டர் என்பார்கள்) கவனம் தேவைப்படுகிறது. கண்ணாடி போடப்போவது சின்னக் குழந்தை என்றால் அவசரமும் சேர்ந்துகொள்கிறது.

பாரபட்சம் காட்டுபவர்களை ‘ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு’ என்று சொல்வது வழக்கம். மனித மூளைக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அது எப்போது சாதாரண விஷயம், எப்போது ஆபத்து என்று தெரிந்துவைத்துக்கொண்டால், வீட்டில் ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

உங்களுக்கு எந்தக் கண் ‘பெரியவர்’?

வலது கைப் பழக்கம், இடது கைப் பழக்கம் இருப்பதுபோல கண்ணிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. எதையாவது குறிபார்க்கும்போது மூளை ஒரு கண் சொல்வதை முதலில் கேட்கிறது. அதுதான் ஆதிக்கக் கண். பெரிய கருவி எதுவும் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கைகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும். கட்டைவிரல்களையும் மற்ற விரல்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருக்கும்படி வையுங்கள். இரண்டு கண்களையும் திறந்தபடியே, எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தையோ காலண்டரையோ அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். இப்போது கையை அசைக்காமல் இடது கண்ணை மூடுங்கள். கடிகாரம் அப்படியே தெரிகிறதா? உங்களுக்கு வலது கண் ஆதிக்கம். கடிகாரம் காணாமல் போய் வெறும் கைதான் தெரிகிறதா? இடது கண் ஆதிக்கம். முகத்தை நேராக வைத்துக்கொண்டு இரண்டு, மூன்று முறை செய்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒருசிலருக்கு ஒவ்வொரு முறையும் மாறி மாறி வரும். அவர்களுக்கு இரண்டு கண்ணும் ஏறக்குறைய சமம். அதுவும் குறையில்லை.

மூன்று பேரில் இரண்டு பேருக்கு வலது கண்ணே ஆதிக்கக் கண். ஆனால், பத்துப் பேரில் ஒன்பது பேர் வலது கைப் பழக்கம் உள்ளவர்கள். கணக்கு உதைக்கிறதே என்றால், உதைக்கத்தான் செய்யும். வலது கையால் எழுதிக்கொண்டே இடது கண்ணால் குறிபார்ப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். துப்பாக்கி சுடுதல், வில்வித்தை பயிற்சியாளர்கள் புதிதாகச் சேரும் மாணவரிடம் முதலில் இதைத்தான் சோதித்துப் பார்ப்பார்கள். பலகை நேராக இருக்கிறதா என்று தச்சர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாரே, கோலி அடிக்கும் சிறுவன் ஒரு கண்ணைச் சுருக்குகிறானே, அப்போது திறந்திருப்பது பெரும்பாலும் அவர்களின் ஆதிக்கக் கண்தான்.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆதிக்கக் கண் என்றால் பார்வை நன்றாக உள்ள கண் என்று பொருள் இல்லை. இரண்டு கண்ணும் பார்வைப் பலகையின் கடைசி வரியைப் படிக்கும் ஒருவருக்கும் ஆதிக்கக் கண் உண்டு. கண்ணாடி போட்டவர்களில் அதிக பவர் உள்ள கண்ணே ஆதிக்கக் கண்ணாக இருப்பவர்களும் உண்டு. ஆதிக்கம் என்பது மூளையின் ஒரு பழக்கம். அதற்கு மருந்தோ பயிற்சியோ தேவையில்லை.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

இரண்டு கண்ணுக்கும் பவர் ஏன் வேறுபடுகிறது? கண் என்பது ஒரு சிறிய பந்து. பிறந்த குழந்தைக்கு அதன் நீளம் 17 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு சுமார் 24 மில்லிமீட்டர். குழந்தை வளர வளர இரண்டு கண்களும் சேர்ந்தே வளர்கின்றன. அதில் ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நீண்டுவிட்டால், அந்தக் கண்ணின் பவர் ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்று வரை மாறிவிடும். அரிசியின் அகலத்தில் பாதி அளவு வித்தியாசத்துக்கே இவ்வளவு மாற்றம்! கருவிழியின் வளைவு இரண்டு கண்ணிலும் வேறு வேறாக இருந்தாலும் பவர் மாறும். சீட்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதியிருப்பது அந்த வளைவைப் பற்றியதுதான்.

இப்படிப் பவர் வேறுபடுவதற்கு மருத்துவத்தில் ‘அனைசோமெட்ரோபியா’ என்று பெயர். ஒரு கண் கிட்டப்பார்வையாகவும் மற்றது தூரப்பார்வையாகவும் இருப்பவர்கள்கூட உண்டு. அமெரிக்காவின் 15-வது ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானன் அப்படிப்பட்டவர். யாரிடமாவது பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பது அவரது வழக்கம். எதிரில் இருப்பவர்கள், தாங்கள் சொல்வதை அவர் மிகுந்த அக்கறையோடு கேட்பதாக நினைத்துக்கொண்டார்கள். பாவம், அவர் தெளிவாகத் தெரியும் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நல்ல கண் மூடி மறைக்கும் குறை

பெரியவர்களுக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு விஷயம் வேறு.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் குழந்தையை அம்மா டாக்டரிடம் அழைத்துப்போகிறார். டி.வி-க்குப் பக்கத்தில் போய் உட்காரும் குழந்தையை அப்பா கவனித்துவிடுகிறார். இரண்டு கண்ணிலும் குறை இருந்தால் அது எப்படியாவது வெளியே தெரிந்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் குறை இருக்கும் குழந்தையோ கரும்பலகையைப் படிக்கும், ஓடும், சைக்கிள் ஓட்டும், ஓவியப் போட்டியில் பரிசும் வாங்கிவரும். எல்லா வேலையையும் நல்ல கண் பார்த்துக்கொள்கிறது. மங்கலாகத் தெரியும் கண்ணைப் பற்றி அந்தக் குழந்தைக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிறது என்பதால், எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது.

அதனால்தான் பலருக்கு இது மிகத் தாமதமாகத் தெரியவருகிறது. கல்லூரியில் படிக்கும்போது விளையாட்டாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது, டிரைவிங் லைசென்ஸுக்கோ வேலைக்கோ மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போனபோது, நல்ல கண்ணில் தூசி விழுந்தபோது... ‘எனக்கு இந்தக் கண்ணு சரியா தெரியாதா!’ என்று 20 வயதில் அதிர்ச்சியடைபவர்கள் இருக்கிறார்கள்.

இதில் பிளஸ் பவர் உள்ள குழந்தைகள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு வலது கண்ணில் பிளஸ் 1, இடது கண்ணில் பிளஸ் 4 என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை லென்ஸின் வடிவத்தை மாற்றி இந்தக் குறையைச் சரிக்கட்டும் சக்தி குழந்தைகளுக்கு நிறையவே உண்டு. ஆனால், மூளை இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு உத்தரவைத்தான் கொடுக்கும். வலது கண் தெளிவானதும், ‘போதும்’ என்று மூளை நிறுத்திக்கொள்கிறது. இடது கண்ணுக்கு இன்னும் 3 பவர் பாக்கி நிற்கிறது. கிட்டத்தில் பார்த்தாலும் எட்டத்தில் பார்த்தாலும் அந்தக் கண்ணுக்குத் தெளிவான காட்சி ஒருநாளும் கிடைப்பதில்லை.

மைனஸ் பவரில் அப்படியில்லை. ஒரு கண்ணுக்குப் பவர் இல்லை, இன்னொரு கண்ணுக்கு மைனஸ் 3 என்றால், அந்த மைனஸ் கண்ணுக்கு 33 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள புத்தகம் நன்றாகவே தெரியும். படிக்கும்போதாவது அதற்கு வேலை கிடைக்கிறது. எனவே, வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால்தான் மைனஸ் கண் கைவிடப்படுகிறது.

பூனைக்குட்டிகள் சொன்ன பாடம்

வேலை இல்லாத கண்ணுக்கு என்ன ஆகும்? டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையை மட்டும் சில வாரங்கள் மூடிவைத்துவிட்டு, பிறகு திறந்தார்கள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால், மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவே மறுத்தன. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைகளுக்கு அதே போல மூடித் திறந்தபோது இப்படி எதுவும் நடக்கவில்லை. மூளையில் ஒவ்வொரு கண்ணுக்கும் இடம் ஒதுக்கப்படும் காலம் குழந்தைப் பருவம்தான் என்பது அப்போது தெளிவானது. 1981-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் இவர்கள் இருவரும் உண்டு.

மனிதக் குழந்தைக்கும் இதே கதைதான். மங்கலான படத்தையே அனுப்பிக்கொண்டிருக்கும் கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்குகிறது. இதற்கு ‘ஆம்ப்ளியோபியா’ என்று பெயர். பேச்சு வழக்கில் ‘சோம்பேறிக் கண்’ என்கிறார்கள். உண்மையில் அந்தக் கண் சோம்பேறி இல்லை, அதற்கு வாய்ப்பு மறுக்கப்பட்டிருக்கிறது. நூறு பேரில் ஓரிருவருக்கு இந்தக் குறை இருக்கிறது. இந்த நிலைக்குப் போன பிறகு சரியான கண்ணாடியைப் போட்டாலும், உடனே அந்தக் கண்ணால் கடைசி வரியைப் படிக்க முடியாது. கண்ணாடி படத்தைத் தெளிவாக்கிவிடும், அந்தப் படத்தை வாங்கிக்கொள்ள மூளை பழக வேண்டும்.

பூனைக்குட்டி ஆராய்ச்சி இன்னொன்றையும் சொல்கிறது. நல்ல கண் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் ஆழம் துல்லியமாகத் தெரியும். ஊசியில் நூல் கோப்பதும், டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதும், படியில் கால் வைப்பதும் அதனால்தான் எளிதாக இருக்கின்றன. அதோடு, என்றைக்காவது நல்ல கண்ணில் அடிபட்டுவிட்டால், மிச்சம் இருப்பது ஒதுக்கப்பட்ட அந்தக் கண் மட்டும்தான்.

எந்தக் கண்ணை மூடுவது?

நல்ல செய்தி என்னவென்றால், சீக்கிரம் கண்டுபிடித்தால் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

முதல் சிகிச்சை கண்ணாடிதான். அதற்கு முன்னால் சொட்டு மருந்து விட்டுச் சோதிப்பது முக்கியம். குழந்தைகளின் கண் தசை பிளஸ் பவரை மறைத்துவிடும் என்பதால், மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் வெளியே வரும். ‘கம்ப்யூட்டர்ல பார்த்தாச்சே, மருந்து எதுக்கு?’ என்று அவசரப்படும் பெற்றோர் இந்த ஒரு விஷயத்தில் பொறுமையாக இருக்க வேண்டும். மருந்து விட்ட பிறகு சில மணி நேரமோ, மருந்தைப் பொறுத்து அதற்கு மேலுமோ மங்கலாக இருக்கும். பிறகு சரியாகிவிடும்.

கண்ணாடியை மட்டும் போட்டாலே எவ்வளவு பலன் கிடைக்கும் என்று அமெரிக்காவில் குழந்தைகள் கண் மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். பவர் வித்தியாசத்தால் சோம்பேறிக் கண் வந்த, 7 வயதுக்கு உட்பட்ட 84 குழந்தைகள். 2006-ல் வெளியான முடிவு ஆச்சரியமானது. 77 சதவிகிதக் குழந்தைகள் பார்வைப் பலகையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ முன்னேறியிருந்தார்கள். 27 சதவிகிதத்தினருக்குக் குறை முழுமையாகவே சரியாகிவிட்டது. கண்ணாடியைத் தவறாமல் போட்டதைத் தவிர வேறு சிகிச்சை இல்லை.

அதன் பிறகும் குறை பாக்கி இருந்தால் ‘பேட்ச்’ எனப்படும் ஒட்டு. இங்கேதான் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் வரும். “குறை இருக்கிற கண்ணைத்தானே மூடணும்? நல்லா இருக்கிற கண்ணைப் போய் மூடுறீங்களே!” என்று பாட்டி பதறுவார். நல்ல கண்ணைத்தான் மூட வேண்டும். அப்போதுதான் ஒதுக்கப்பட்ட கண் வேலை செய்தே ஆக வேண்டிய நிலை வரும். முன்பெல்லாம் நாள் முழுவதும் மூடிவைக்கச் சொல்வார்கள். மிதமான குறை உள்ள குழந்தைகளுக்குத் தினமும் 2 மணி நேரம் மூடினாலே 6 மணி நேரம் மூடியதற்குச் சமமான பலன் கிடைக்கிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒட்டுக்குப் பதிலாக, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதைத் தற்காலிகமாக மங்கலாக்கும் முறையும் உண்டு. எது, எத்தனை நேரம் என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். தாமாக மூடிவிட்டால் நல்ல கண்ணுக்கே ஆபத்து வரலாம்.

முதல் இரண்டு வாரம் குழந்தை அழும், பிய்த்து எறியும். நல்ல கண்ணை மூடினால் உலகமே மங்கலாகிவிடுகிறது, பாவம் வேறென்ன செய்யும்? அந்த நேரத்தில் வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது, பல்லாங்குழி, பிடித்த கார்ட்டூன் என்று கண்ணுக்கு வேலை கொடுக்கும் விஷயங்களைச் சேர்த்துக்கொண்டால் நேரம் போவது தெரியாது. பொம்மைக்கும் ஒரு ஒட்டு போட்டுவிடலாம். அண்ணனும் அப்பாவும்கூட ஐந்து நிமிடம் ஒட்டிக்கொண்டு உட்காரலாம். ‘ஒற்றைக்கண்’ என்று யாராவது கிண்டல் செய்தால், வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

7 வயது தாண்டிவிட்டால் கதை முடிந்தது என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். 2005-ல் வெளியான ஆய்வு அதையும் மாற்றியது. 7 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளில், கண்ணாடியோடு ஒட்டும் சொட்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 53 சதவிகிதத்தினருக்குப் பலன் கிடைத்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவிகிதம். முன்பு சிகிச்சையே பெறாத 13 வயதுக்கு மேற்பட்டவர்களிலும் முன்னேறியவர்கள் உண்டு. சின்ன வயதில் கிடைக்கும் பலன் அதிகம், ஆனாலும் தாமதமாகத் தெரிந்துவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை.

பட்டோடி பார்த்த இரண்டு பந்துகள்

இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய கிரிக்கெட்டில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் மன்சூர் அலி கான் பட்டோடியின் வலது கண்ணில் கண்ணாடிச் சில்லு பாய்ந்தது. அப்போது அவருக்கு 20 வயது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் மேஜையில் கொட்டியது. தூரத்தைக் கணிக்கும் திறன் போய்விட்டிருந்தது.

சில மாதங்களில் ஹைதராபாத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த அணிக்கு எதிராகக் களமிறங்கினார். பாதிக்கப்பட்ட கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தார். பந்து இரண்டாகத் தெரிந்தது, நடுவில் ஆறேழு அங்குல இடைவெளி! உள்பக்கம் தெரிந்த பந்தைப் பார்த்து அடித்துச் சமாளித்தார். தேநீர் இடைவேளையில் லென்ஸையே கழற்றிவிட்டு, அந்தக் கண்ணை மூடிக்கொண்டு ஆடி 70 ரன்கள் எடுத்தார். ஒரு கண்ணின் படம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, அது இன்னொரு கண்ணின் படத்தோடு பொருந்தவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

1962 ஜனவரியில் சென்னையில் நடந்த டெஸ்ட்டில் தன் முதல் சதத்தை (103) அடித்தார் பட்டோடி. அதே ஆண்டு மார்ச்சில், 21 வயதில் இந்திய அணியின் கேப்டன். மொத்தம் 46 டெஸ்ட், 2,793 ரன்கள், 6 சதங்கள். தொப்பியை வலது கண் மறையும்படி சரித்துவிட்டுக்கொண்டு ஆடுவது அவரது வழக்கமாகியிருந்தது. ஒரு கண்ணோடும் வாழ்க்கையில் சாதிக்கலாம் என்று அவர் காட்டினார். அதற்காக அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறதா?

இனி பெரியவர்கள் விஷயம். இரண்டு லென்ஸும் மிகவும் வேறுபட்டால் சிலருக்குத் தலைவலி வரும், தரை சாய்ந்ததுபோலத் தெரியும். இதற்கு இரண்டு காரணங்கள்.

மைனஸ் லென்ஸ் பொருளைச் சிறிதாக்கிக் காட்டும், பிளஸ் லென்ஸ் பெரிதாக்கும். ஒரு பவர் வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவிகிதம் வரை படத்தின் அளவு மாறும். சின்ன வித்தியாசத்தை மூளை பொறுத்துக்கொள்ளும். 3, 4 பவர் என்றால் சிரமப்படும்.

இரண்டாவது, லென்ஸின் நடுவை விட்டு ஓரத்தின் வழியாகப் பார்க்கும்போது படம் கொஞ்சம் நகர்ந்து தெரியும். பவர் அதிகமான லென்ஸில் அதிகமாக நகரும். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் படித்தால், ஒரு கண்ணின் எழுத்து மேலும், இன்னொரு கண்ணின் எழுத்து கீழுமாக இழுக்கும். படி இறங்கும்போதும் அதே தொல்லை. கண்ணோடு சேர்த்துத் தலையையும் திருப்பிப் பார்க்கப் பழகினால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு ஒட்டியே நகர்வதால் இந்த இரண்டு தொல்லைகளும் அதில் மிகவும் குறைவு. கண்ணாடிதான் வேண்டும் என்றால் சின்ன ஃபிரேம் நல்லது. லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக இருக்கிறதா என்று கடையில் அளந்து பொருத்தச் சொல்ல வேண்டும். புதிய கண்ணாடி பழக இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், கழற்றிப் பீரோவில் வைத்துவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பவரைப் படிப்படியாகக் கூட்டிக்கொடுக்கும் வழியும் இருக்கிறது.

வெள்ளெழுத்தும் கண்புரையும்

40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்துவிட்ட சிலருக்கு மருத்துவர்கள் வேண்டுமென்றே பவர் வித்தியாசத்தை உருவாக்குகிறார்கள்! ஆதிக்கக் கண்ணுக்குத் தூரம் தெரியும்படியும், இன்னொரு கண்ணுக்குக் கிட்டத்தில் தெரியும்படியும் கான்டாக்ட் லென்ஸ் கொடுப்பார்கள். கண்புரை அறுவை சிகிச்சையிலும் இப்படி லென்ஸ் வைப்பதுண்டு. படிக்கும் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை என்பது வசதி. ஆழம் கணிப்பது கொஞ்சம் குறையும், இரவில் வண்டி ஓட்டுவது சிலருக்குக் கஷ்டமாக இருக்கும் என்பது விலை. அறுவை சிகிச்சைக்கு முன்பு கான்டாக்ட் லென்ஸ் போட்டு சில நாட்கள் பழகிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

தாத்தா காலத்துச் ‘சோடாபுட்டி’ கண்ணாடி நினைவிருக்கிறதா? அப்போது புரையை அகற்றியதோடு சரி, உள்ளே லென்ஸ் வைப்பதில்லை. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-ல் முதன்முதலாகப் பொருத்தினார். அது பரவலாக வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தடித்த கண்ணாடி வழியே எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும், மற்ற கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும். இரண்டையும் மூளையால் சேர்க்கவே முடியாது. இன்றும், அதிக மைனஸ் பவர் உள்ள ஒருவர் ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை சிகிச்சை முடித்திருந்தால், இரண்டாவது கண்ணும் முடியும்வரை தடுமாற்றம் இருக்கும். வீட்டில் அந்த நாட்களில் பெரியவர்களைப் படியில் தனியாக இறங்கவிடாமல் கை கொடுங்கள்.

ஒரு கண் மட்டும் மாறினால்...

இதுவரை சமமாக இருந்த பவர், ஒரு கண்ணில் மட்டும் வேகமாகக் கூடினால் காரணம் கேட்டாக வேண்டும். பதின்ம வயதில் கண்ணை அடிக்கடி கசக்கும் பிள்ளைக்கு ஒரு கண்ணின் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனால், கருவிழி கூம்புபோல் நீளும் நோயா என்று பரிசோதிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அது மேலும் மோசமாகாமல் தடுக்க சிகிச்சை இருக்கிறது. 60 வயதில் ஒரு கண்ணில் மைனஸ் கூடி, ‘கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேனே’ என்று மகிழ்ந்தால், அது புரை முற்றுவதன் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போதும் பவர் மாறும் என்பதால், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே புதுக் கண்ணாடி வாங்குவது நல்லது.

குழந்தையின் ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண்மணி சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் மின்னினால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் அது வெளிச்சம் விழுந்த கோணமாக இருக்கும். சில சமயம் கண்புரையாகவோ, விழித்திரைப் புற்றுநோயாகவோகூட இருக்கலாம். அதேபோல, ஒரு கண் லேசாக ஒதுங்குவதைப் பார்த்துவிட்டு ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பவர் வித்தியாசம் உள்ள கண்தான் பல குழந்தைகளுக்கு ஒதுங்குகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதற்கு ஐந்து நிமிடம் போதும். சுவரில் தினசரி காலண்டரை மாட்டி, குழந்தையைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், பொல்லாத பிள்ளைகள்! சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். எழுத்து தெரியாத குழந்தைக்கு எத்தனை விரல் என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு படத்தைக் காட்டுங்கள். ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால் அதுவே ஒரு பதில். ‘இந்தக் கண்ணுல கொஞ்சம் மங்கலா தெரியுதும்மா’ என்று சொன்னால் அந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுச் சோதனை மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது. பிளஸ் பவர் இதில் தப்பிவிடலாம். அதனால், எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் எல்.கே.ஜி சேர்க்கும் முன்பு ஒருமுறை கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது அதிக பவரோ மாறுகண்ணோ இருந்தால் அதற்கும் முன்பே. அரசுப் பள்ளிகளில் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் கிடைக்கின்றன. முகாம் நடக்கும் நாளில் பிள்ளைக்கு லீவு போட்டுவிடாதீர்கள்.

சீட்டில் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு எண் எழுதியிருந்தால் கடைக்காரரிடம் சந்தேகம் கேட்பது தப்பில்லை. பிறகு அந்தக் கண்ணாடியைக் குழந்தை தினமும் போடுகிறதா என்று பாருங்கள். ‘பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா’ என்று யாராவது இழுத்தால், இந்தக் கட்டுரையை அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.